விசிலுக்கு முன்னால் ஏழு மணி நேரம்

ராணுவ நர்சிங்கில் இரண்டாம் ஆண்டு படித்தபோது காலை பரேடில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். முந்தின இரவு விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் போன். கெடுதல் என்று நர்சிங் படிக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் எழுவது, சாப்பிடுவது, சீருடை மாட்டுவது எல்லாமே மற்றவர்கள் சொல்லும் நேரத்தில். அந்த ஒரு மணி நேரம்தான் என்னுடையது. அதனால் "போனைத் தொடாதே" என்ற அறிவுரை என்னிடம் எடுபடவில்லை.

எடுபட்டது கணக்கு. 5 மணிக்கு விசில் என்றால் காலையில் பேரம் பேச முடியாது. 7 மணி நேரமாவது தூங்க வேண்டும், ஆகவே 10 மணிக்குள் கண்ணை மூட வேண்டும். போன் நேரத்தை ஒழிக்காதீர்கள், முன்னால் நகர்த்துங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம்: வீட்டுக்குப் பேசுவது, ரீல்ஸ், எல்லாம் அப்போதே.

அப்புறம் சார்ஜரைக் கட்டிலிலிருந்து கை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். "அலாரம் வேண்டுமே" என்பது சாக்கு. அதற்குத் தனிக் கடிகாரம் இருக்கிறது. உண்மையான பயம் வாட்ஸ்அப் குழுதான். டியூட்டி மாறிவிட்டால்? எங்கள் அறையில் முறை வைத்தோம். தினம் ஒருத்தி 9.30க்குக் குழுவைப் பார்த்து எல்லோருக்கும் சொல்வாள். அதற்குப் பிறகு அவசரமென்றால் அழைப்பு மட்டும். இந்த ஒரு ஏற்பாட்டுக்கே பாதி மன அழுத்தம் இறங்கியது.

திரையின் நீல வெளிச்சம் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனினைக் குறைக்கும், சரி. ஆனால் நைட் மோடு போட்டுக்கொண்டு சீனியர் திட்டிய மெசேஜைப் படித்தால் தூக்கம் வருமா? நாளைய கவலைகளை, மருந்து டோஸ் கணக்கு உட்பட, ஒரு தாளில் எழுதி மூடிவிடுங்கள். 20 நிமிடம் போலப் படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், போன் இல்லாமல்.

நைட் டியூட்டியில் கடைசி சில மணி நேரம் காபி வேண்டாம். உடம்பில் அதன் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அறைக்கு வந்ததும் ஜன்னலை நன்றாக மூடி இருட்டாக்குங்கள். வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பெயர் கெட்டுவிடும் என்று பயந்து நான் தாமதித்தேன்.

1989இல் வந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும். மொத்தம் 21 மதிப்பெண், 5க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை. எனக்கு முதலில் 11 வந்தது. இரண்டு மாதம் கழித்து 6. இன்னும் பாஸாகவில்லை.