ஹாவொர்த்துக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷையரில், பென்னைன் மலைச்சரிவில் இருக்கும் ஹாவொர்த், சார்லட், எமிலி, ஆன் ஆகிய பிரான்டே சகோதரிகள் வாழ்ந்து தங்கள் நாவல்களை எழுதிய ஊர். ஆங்கில இலக்கியம் படித்த நம்மவர்கள், லீட்ஸ் பக்கம் போக நேர்ந்தால் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குகிறார்கள். அப்படி வருபவர்கள் செய்யும் முதல் தவறு, ஊரை நாவலுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான்.

உலகத்தை விட்டு ஒதுங்கிக் கிடந்த அமைதியான சிற்றூர் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உண்மையில் பிரான்டே குடும்பம் இங்கே குடியேறிய 1820-இலேயே இது கம்பளித் தொழில் நடந்த, சந்தடி மிகுந்த ஊர். செங்குத்தாக ஏறும் முதன்மைத் தெருவில் கடைகளின் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்காமல், சற்று நிமிர்ந்து பழைய கல் வீடுகளின் மேல்தளங்களையும் பார்க்க வேண்டும். சில வீடுகளில் சிறு கல் தூண்களால் பிரிக்கப்பட்ட சன்னல்கள் நெருக்கமாக வரிசையிட்டு நிற்கும். கைத்தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள்.

அந்த நெரிசலின் விலையும் பதிவாகியிருக்கிறது. சகோதரிகளின் தந்தையும் ஊர்ப் பாதிரியாருமான பேட்ரிக் பிரான்டே தூய குடிநீருக்காக அரசிடம் முறையிட்டதன் விளைவாக, 1850-இல் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் என்ற ஆய்வாளர் இங்கு வந்தார். கணினியின் முன்னோடியான சார்ல்ஸ் பாபேஜின் மகன் அவர். கழிவுநீர்ச் சாக்கடை இல்லை, கிணறுகளில் அசுத்தம் கலக்கிறது, இறப்பவர்களின் சராசரி வயது 25.8, பிறக்கும் குழந்தைகளில் 41.6 விழுக்காட்டினர் ஆறு வயதுக்கு முன்பே இறக்கிறார்கள் என்று அவருடைய அறிக்கை சொல்கிறது. என் கருத்தில், ஹாவொர்த்தில் பார்வையாளர்கள் மிக அதிகமாகத் தவறவிடுவது இந்த வரலாற்றைத்தான். பேட்ரிக்கின் ஆறு பிள்ளைகளும் அவருக்கு முன்பே இறந்தார்கள் என்ற செய்தியை, தனியொரு குடும்பத்தின் சோகமாக மட்டுமின்றி, இந்த எண்களோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்திலும் இதே பாடம் இருக்கிறது. தரையை மூடிப் படுக்கை வசத்தில் பதிக்கப்பட்ட கற்களைப் பாபேஜ் குறை கூறினார்; மண்ணில் செடிகொடி முளைக்க அவை இடம் தரவில்லை என்பது அவர் வாதம். இன்று அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து சிற்றுண்டி உண்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அவை இன்றும் கல்லறைகளே. அங்கே சகோதரிகளின் பெயர்களைத் தேடி அலைவதும் வீண். சார்லட்டும் எமிலியும் தேவாலயத்தின் உள்ளே, தரைக்கு அடியில் இருக்கும் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஆன் மட்டும் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் உறங்குகிறார். தேவாலயமும் அவர்கள் அறிந்த கட்டடம் அன்று. கோபுரத்தைத் தவிர மற்றதை 1879-இல் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள்.

ஊருக்கு மேலே ‘மூர்’ என்று அழைக்கப்படும் மரமற்ற மேட்டுநிலம் விரிகிறது. அங்குள்ள டாப் விதன்ஸ் என்ற பாழடைந்த பண்ணை வீட்டைத்தான் எமிலியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலில் வரும் வீடு என்று நம்பிப் பலர் போகிறார்கள். பிரான்டே சங்கம் 1964-இல் அங்கே பதித்த பலகையைப் படித்த பிறகே பலருக்கு உண்மை தெரிகிறது: இடிவதற்கு முன்புகூட இந்தக் கட்டடம் அவர் வருணித்த வீட்டைப் போல இருந்ததில்லை, சுற்றியுள்ள நிலம் மட்டும் அவர் மனத்தில் இருந்திருக்கலாம் என்கிறது பலகை. ஆகவே வீட்டைப் பார்க்க என்று போகாமல், நிலத்தைப் பார்க்கப் போங்கள். ஹெதர் செடிகள் ஊதா நிறத்தில் பூக்கும் ஆகஸ்டு மாதம் இதற்கு மிக ஏற்றது.

போய் வர ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதை மறந்து, மதியத்துக்கு மேல் சாதாரணச் செருப்போடு கிளம்புவது ஆபத்தான தவறு. தெருவில் வெயில் அடிக்கும்போதே மேட்டில் மூடுபனி இறங்கலாம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வழியில் நீரோடையின் மேல் இருந்த கற்பாலத்தை 1989-இல் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. இப்போது இருப்பது மறுபடி கட்டியது. மழைச் சட்டை, நல்ல பிடிமானமுள்ள காலணி, காகித வரைபடம் மூன்றும் கட்டாயம். கைப்பேசியை மட்டும் நம்ப வேண்டாம்.

பாதையை விட்டு விலகி நடப்பதும் சிறு தவறு அன்று. கர்லூ, ஆள்காட்டி வகையைச் சேர்ந்த லாப்விங் போன்ற பறவைகள் தரையிலேயே கூடு கட்டுகின்றன. அதனால்தான் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மேட்டுநிலத்தில் நாய்களைக் குட்டையான வாரில் பிடித்து நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தீ இன்னும் கொடியது. மேட்டின் மண் முழுமையாக மக்காத தாவரங்கள் படிந்து உருவான ‘பீட்’ என்பதால், மேலே அணைந்ததுபோல் தெரிந்தாலும் நெருப்பு அடியில் கனன்றுகொண்டே பரவும். இதே பிராட்ஃபோர்டு மாவட்டத்தின் இல்க்லி மூரில் 2019 ஏப்ரலில் பெருந்தீ மூண்டது. கரி அடுப்பு, சிகரெட் துண்டு எதையும் மேட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது.

பயணத் திட்டத்தில் ஒரு சொல். பக்கத்து நகரமான கீத்லியிலிருந்து வரும் நீராவி ரயில், தன்னார்வலர்கள் 1968-இல் மீட்டு நடத்தி வரும் தடத்தில் ஓடுகிறது. அது எல்லா நாளும் ஓடாது, ஆனால் பேருந்து உண்டு. ரயில் நிலையம் பள்ளத்தில் இருப்பதால், முதியோரை அழைத்து வருபவர்கள் அங்கிருந்து மேலே ஏறும் கல் பாவிய தெருவை, அதுவும் மழையில் அது வழுக்கும் என்பதை, கணக்கில் கொள்ள வேண்டும். சகோதரிகள் எழுதிய மேசை இருக்கும் பாதிரியார் இல்லம் 1928 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. குளிர்காலத்திலும் சில வார நாட்களிலும் அது மூடியிருக்கக்கூடும் என்பதால், திறந்திருக்கும் நாளை உறுதிசெய்துகொண்ட பிறகே ரயில் சீட்டு வாங்குங்கள்.