பிரீதர் குழாயைத் திருப்பிவிடுகிறவர்கள் மறந்துபோகும் துளை

மோட்டார் சைக்கிளின் ஏர்பாக்ஸை, அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் பெட்டியைக் கழற்றினால் அடியில் ஆயில் தேங்கிக் கிடக்கும். ஃபில்டரின் ஒரு மூலை ஊறிக் கறுத்திருக்கும். பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: எஞ்சின் மூச்சுவிடும் இந்த பிரீதர் குழாயை ஏர்பாக்ஸிலிருந்து உருவி வெளியே விட்டுவிட்டால் என்ன? செய்யலாம், பெரிய வேலையும் இல்லை. ஆனால் புதிதாக ஸ்பேனர் எடுப்பவர்கள், நாங்களெல்லாம் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கிளாம்ப்பை இறுக்க மறப்பது, சூடான எஞ்சினில் கை வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும். சத்தமில்லாமல் சேதம் செய்கிறவைதான் எனக்குக் கவலை.

குழாய் எதற்கு இருக்கிறது என்று தெரியாமல் தொடங்குவது

எரிந்த வாயுவில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் அடிப்பெட்டி) இறங்கிவிடும். அதோடு நீராவியும் எரியாத பெட்ரோலும் சேரும். இது போதாதென்று பிஸ்டன் வேறு மேலும் கீழும் போய் உள்ளிருக்கும் காற்றைத் தள்ளி இழுக்கிறது. 350 சிசி ஒற்றை சிலிண்டர் என்றால் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது அதே 350 சிசி கொள்ளளவு கிராங்க்கேஸில் ஒருமுறை சுருங்கி விரிகிறது. 4000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 66 தடவை. இந்த மூச்சு போய்வர வழி வேண்டும். அதுதான் பிரீதர்.

பழைய வண்டிகளில் இந்தக் குழாய் கீழே தொங்கிக்கொண்டு தரையில் சொட்டும். 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கார்களுக்கு, இந்த ஆவியை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பி எரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் அது பரவியது. ஆகவே ஏர்பாக்ஸுக்குப் போகும் அந்தக் குழாய் கம்பெனிக்காரரின் சோம்பேறித்தனம் அல்ல, புகைக் கட்டுப்பாடு. சாலையில் ஓடும் வண்டியில் அதை வெளியே திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பு. உங்கள் இடத்து விதியைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஆயில் அளவைப் பார்க்காமல் குழாயைக் குறை சொல்வது

ஏர்பாக்ஸில் ஆயில் ஏறினால் முதல் சந்தேகம் அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில். வண்டியை நேராக நிறுத்தி, மேனுவல் சொல்கிறபடி பாருங்கள். பாதி வண்டிகளுக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

வேறு குழாயைப் பிடுங்குவது

ஏர்பாக்ஸிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய் எல்லாமே பிரீதர் அல்ல. பல வண்டிகளில் ஏர்பாக்ஸிலிருந்து ஒரு குழாய் சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டுக்குப் போகும். நடுவில் ஒரு சின்ன வால்வுப் பெட்டி இருக்கும். அது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு நல்ல காற்று அனுப்புவதற்கு. அதைப் பிரீதர் என்று நினைத்து உருவி, பிரீதரில் வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பாவான கேட்ச் கேனில் செருகி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேன் மாதக்கணக்கில் காலியாகவே இருக்க, “என் எஞ்சின் அவ்வளவு ஆரோக்கியம்” என்று அவருக்கு ஒரே பெருமை.

சந்தேகமாக இருந்தால் ஐட்லிங்கில் குழாய் முனையில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக, ஆயில் வாடையோடு பொக் பொக்கென்று மூச்சு அடித்தால் பிரீதர். டிக் டிக்கென்று உள்ளே இழுத்தால் அது மற்றது. இருந்த இடத்திலேயே மாட்டிவிடுங்கள்.

பழைய துளையைச் சரியாக அடைக்காமல் விடுவது

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். குழாயை உருவியாயிற்று, அழகாக வளைத்துக் கொண்டுபோயாயிற்று. அந்தக் குழாய் முன்பு மாட்டியிருந்த நிப்பிள், அந்தச் சின்ன மூக்கு, ஏர்பாக்ஸில் வாய் பிளந்து நிற்கிறதே, அதை என்ன செய்தீர்கள்?

அந்த நிப்பிள் பெரும்பாலும் ஃபில்டருக்குப் பின்னால், சுத்தமான பக்கத்தில்தான் இருக்கும். அதாவது அங்கே நுழைகிற எதுவும் வடிகட்டப்படாமல் நேரே சிலிண்டருக்குப் போகும். 12 மி.மீ. உள்விட்டம் உள்ள துளையின் பரப்பு 113 சதுர மி.மீ. 28 மி.மீ. கார்புரேட்டர் வாயின் பரப்பு சுமார் 616. கார்புரேட்டர் வாயில் ஆறில் ஒரு பங்குக்கும் பெரிய ஓட்டை அது. எதிரே ஃபில்டர் காற்றைத் தடுத்து நிற்கிறது, இங்கே தடையே இல்லை. காற்று எந்த வழியை விரும்பும் என்று சொல்லவே வேண்டாம். 350 சிசி எஞ்சின் 4000 ஆர்பிஎம்மில் முழு திராட்டிலில் நிமிடத்துக்கு 700 லிட்டர் வரை காற்று குடிக்கும்.

ஒரு வண்டி நீலப்புகை என்று வந்தது. வேலை சுத்தமாக இருந்தது: நல்ல குழாய், நல்ல கிளாம்ப், ஃபிரேமில் மின்னும் அலுமினியக் கேன். “ஏர்பாக்ஸ் இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்கண்ணே” என்று அந்தத் தம்பி திறந்து காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தது. நான் ஏர்பாக்ஸிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் ரப்பரைக் கழற்றி உள்சுவரில் விரலை ஓட்டினேன். முகப்பவுடர்போல மெல்லிய மண். இரு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்றது. நிப்பிளைத் தேடிப் பார்த்தால், அதில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். ஆயில் பட்டுப் பசை கூழாகி, டேப் ஒரு பக்கம் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சினைப் பிரித்தோம். சிலிண்டர் சுவரில் ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக இருக்க வேண்டிய ஹோனிங் கோடுகள் மேல்பகுதியில் அழிந்துபோயிருந்தன. அவை இருந்த இடத்தில் செங்குத்தான கீறல்கள். மேல் ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து அதன் இரு முனைகளுக்கு நடுவிலான இடைவெளியை அளந்தால், தேய்மான வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங். ஒரு ரப்பர் மூடி போட்டிருந்தால் இந்தச் செலவு எதுவும் இல்லை.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், அவர் அலட்சியமானவர் அல்ல. கேன் சீக்கிரம் சீக்கிரமாக நிறைவதைக் கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டு, பெரிய கேனாக மாற்றியிருக்கிறார். மண் ரிங்கைத் தேய்த்தது. ரிங் தேய்ந்ததால் கீழே இறங்கும் வாயு கூடியது. அது கூடியதால் கேன் நிறைந்தது. புகை வரும்வரை எஞ்சின் கொடுத்த ஒரே அறிகுறி அதுதான். மற்றபடி இழுவை குறையவில்லை, ஐட்லிங் ஆடவில்லை. இந்த ஓட்டை திராட்டிலுக்கு முன்னால் இருப்பதால் பெரும்பாலும் ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாது. செய்முறை சொல்லித்தருகிறவர்களும் குழாயை எங்கே கொண்டுபோவது என்று விலாவாரியாகக் காட்டிவிட்டு, துளையைப் பற்றி “அடைத்துவிடுங்கள்” என்ற ஒரு வார்த்தையோடு கடந்துபோகிறார்கள்.

எப்படி அடைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டேப் வேண்டாம். சிலிகான் சீலன்ட்டும் வேண்டாம். ஆயில் படிந்த பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது, ஒருநாள் உரிந்து உள்ளேயே போகும். நிப்பிளுக்குள் போல்ட்டைத் திணிப்பது அதைவிட மோசம். எதை வைத்து அடைத்தாலும் நிப்பிளின் வெளியே வைத்து அடையுங்கள், கழன்றாலும் எஞ்சின் அதை விழுங்க வழி இருக்கக் கூடாது. நிப்பிளுக்குப் பொருத்தமான, ஆயில் தாங்கும் ரப்பர் மூடியும் ஒரு கிளாம்ப்பும் போதும். கிடைக்காவிட்டால் பழைய பிரீதர் குழாயின் அளவிலேயே விரல் நீளத் துண்டு ஒன்றை நிப்பிளில் மாட்டி, மறுமுனையில் இறுக்கமாக உட்காரும் உலோகத் துண்டைச் செருகி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போடுங்கள். மாட்டும் முன் நிப்பிளைப் பெட்ரோலால் துடைத்துக் காயவிடுங்கள். ஹார்லியின் வி-ட்வின் (வி வடிவ இரட்டை சிலிண்டர்) வண்டிகள் பலவற்றில் இரண்டு ஹெட்டிலிருந்தும் துளையுள்ள போல்ட்டுகள் வழியாக மூச்சு ஏர் கிளீனருக்குள் வரும். அங்கே அடைக்க வேண்டியது ஒன்றல்ல, இரண்டு.

அடைத்ததும் சோதித்துப் பாருங்கள். இன்டேக் ரப்பரின் உள்சுவரில் கிரீஸை மிக மெல்லிசாகப் பூசி, சில நாள் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். கிரீஸில் மண் ஒட்டியிருந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. பழைய ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பும் வசதி இருந்தால் சிலிக்கான் அளவைக் கேளுங்கள், மண் உள்ளே போனால் அது ஏறும். ஏர்பாக்ஸின் அடியில் ஆயில் வடிய ஒரு சின்னக் குழாயும் மூடியும் இருக்குமே, கழுவும்போது பலர் தொலைத்துவிடுவது அதைத்தான். அதுவும் சுத்தமான பக்கத்தில் இருந்தால் கதை அதேதான்.

பிரீதரையே அடைத்துவிடுவது

வேண்டவே வேண்டாம். உள்ளே ஏறும் அழுத்தம், ஆயில் கசியாமல் நிறுத்தும் சீல்களைப் பிதுக்கித் தள்ளும்.

நாலு சிலிண்டருக்குச் சொன்னதை ஒற்றை சிலிண்டரில் செய்வது

நாலு சிலிண்டர் வரிசை எஞ்சினில் இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறும். தள்ளுவதும் இழுப்பதும் பெருமளவு ஈடாகிவிடும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் 180 டிகிரி ட்வின்னிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒற்றை சிலிண்டரிலும், இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும் 360 டிகிரி ட்வின்னிலும் முழு மூச்சும் குழாய் வழியாகத்தான் போகும், வரும். அங்கே குழாயின் உள்விட்டத்தை எஞ்சின் நிப்பிளைவிடக் குறைக்கவே கூடாது. நிப்பிளிலேயே குட்டி ஃபில்டரைச் செருகிவிடுவதும் ஆகாது. அது வெளியே விடுகிற அளவுக்கு உள்ளேயும் இழுக்கும். மழையிலோ, வண்டி கழுவும்போதோ நனைந்தால் தண்ணீர் கிராங்க்கேஸுக்குள் போகும்.

ஒன்-வே வால்வைத் தலைகீழாக மாட்டுவது

மூச்சை வெளியே மட்டும் விடும் வால்வைக் குழாயில் போடுவதாக இருந்தால், முதலில் வாயால் ஊதிப் பாருங்கள். எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் போக வேண்டும், மறுபக்கமிருந்து ஊதினால் நிற்க வேண்டும்.

முனையைப் பின் டயருக்கு முன்னால் விடுவது

சர்வதேச சாலைப் பந்தயங்களில் நாலு ஸ்ட்ரோக் வண்டியின் பிரீதரை ஏர்பாக்ஸுக்குள்ளேயே விட வேண்டும் என்று விதி வைத்திருப்பது சும்மா அல்ல. டயரில் பட்ட ஆயில் திருப்பத்தில் ஆளைச் சாய்த்துவிடும். செயினுக்குத் தானாக ஆயில் கிடைக்கட்டும் என்று அதன்மேல் சொட்டவிடுபவர்களும் இருக்கிறார்கள். செயின் அதை டயர் முழுக்கத் தெளிக்கும். எஞ்சினிலிருந்து குழாய் முதலில் மேலே ஏறட்டும், அப்போது ஆயில் துளிகள் எஞ்சினுக்கே திரும்பும். பிறகு எங்கும் தொட்டில்போலத் தொங்காமல் கேனுக்கு இறங்கட்டும். பள்ளம் விழுந்த இடத்தில் தண்ணீர் தேங்கி வழியை அடைக்கும். மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் சூட்டில் நசுங்கிவிடும், ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாங்குங்கள்.

கேட்ச் கேனில் வெளிவழி இல்லாமல் விடுவது

மூடிய கேன் என்றால் பிரீதரை அடைத்ததாகத்தான் கணக்கு. அதில் சேரும் வெளிர்மஞ்சள் கூழை மறுபடி எஞ்சினில் ஊற்றாதீர்கள். அது தண்ணீரும் பெட்ரோலும் கலந்த ஆயில்.

பழைய குழாயைத் தூக்கி எறிவது

கிளாம்ப்போடு ஒரு பையில் போட்டு வையுங்கள். புகைப் பரிசோதனைக்கோ, வாரன்டிக்கோ, வண்டியை விற்கவோ போகும்போது எல்லாவற்றையும் பழையபடி மாட்ட வேண்டிவரும்.