ஒரு ஜோடிப் பக்கம் சமம், ஒரு ஜோடிக் கோணம் சமம்: அது இணைகரம்தானா?

ஒரு நாற்கரத்தில் ஒரு ஜோடி எதிர்ப்பக்கங்கள் சமம், ஒரு ஜோடி எதிர்க்கோணங்களும் சமம். அது இணைகரமா? கேட்டவுடன் ஆமாம் என்றுதான் வாயில் வரும், ஏனென்றால் படம் போடச் சொன்னால் நாம் எல்லோரும் முதலில் இணைகரத்தைத்தான் போடுவோம், அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்தே நிரூபணத்தையும் எழுதிவிடுவோம். பள்ளியில் நானும் அப்படித்தான் எழுதினேன். தப்பு. இணைகரமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு பழைய அட்டை, ஸ்கேல், கத்தரிக்கோல், டேப் எடுத்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ.க்கு ஒரு அடிக்கோடு போடுங்கள். அதன் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே 8 செ.மீ. போய் அதை உச்சியாக வைத்து இரண்டு மூலைகளோடும் சேர்த்தால் இருசமபக்க முக்கோணம் வரும். சாய்ந்த பக்கங்கள் இரண்டும் சரியாக 10 செ.மீ., அடிக்கோணங்கள் ஒவ்வொன்றும் சுமார் 53 பாகை. இப்போது அடிக்கோட்டில் இடது மூலையிலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள் (நடுவில் மட்டும் வைக்காதீர்கள், வைத்தால் வேடிக்கையே போய்விடும்). உச்சியிலிருந்து அந்தப் புள்ளி வரை நேராக வெட்டுங்கள்.

இடது துண்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வலது துண்டை மட்டும் அப்பளம் திருப்புவது போலத் திருப்பி, அட்டையின் பின்புறம் மேலே வரும்படி, மேல் முனை கீழேயும் கீழ் முனை மேலேயும் போகும்படி, வெட்டிய விளிம்போடு விளிம்பு சேர்த்து டேப் ஒட்டுங்கள். சும்மா சுழற்றினால் போதாது, புரட்ட வேண்டும். சுழற்றினால் அது இடது துண்டின் மேல் ஏறிக்கொள்ளும்.

கிடைத்த நாற்கரத்தை ஸ்கேலால் சுற்றி அளந்து பாருங்கள்: 10, 8, 10, 4. எதிரெதிரே இருக்கும் 10-ம் 10-ம் சமம். பழைய அடிக்கோணங்கள் இரண்டும் இப்போது எதிரெதிர் மூலைகளில், இரண்டும் 53 பாகை. கேட்ட நிபந்தனை முழுதாகப் பொருந்திவிட்டது, ஆனால் 8-க்கு எதிரே 4 நிற்கிறது. இணைகரம் இல்லை.

நிரூபணம் எங்கே வழுக்குகிறது? டேப் ஒட்டிய கோடுதான் மூலைவிட்டம். அது நாற்கரத்தை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது. இரண்டிலும் 10 செ.மீ. பக்கம், பொதுவான மூலைவிட்டம், 53 பாகைக் கோணம். ஆனால் அந்தக் கோணம் இந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இல்லை, மூலைவிட்டத்துக்கு எதிரே இருக்கிறது. நடுவில் இருந்தால்தான் ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதிப்படி இரண்டு முக்கோணங்களும் சர்வசமம், அதாவது ஒரே வடிவம், ஒரே அளவு என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் மூன்றாவது பக்கம் 8-ஆகவும் இருக்கலாம், 4-ஆகவும் இருக்கலாம்.

அதனால் எந்த நிபந்தனையைக் கொடுத்தாலும் முதல் வேலையாக ஒரு மூலைவிட்டம் போட்டு, இரண்டு முக்கோணங்களும் உண்மையில் சர்வசமம் ஆகின்றனவா என்று பாருங்கள். இரண்டு ஜோடி எதிர்ப்பக்கங்களும் சமம் என்றால் ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்), முடிந்தது. ஒரே ஜோடி சமமாகவும் இணையாகவும் இருந்தால் ஒன்றுவிட்ட கோணங்கள் வழியாக ப-கோ-ப வந்துவிடும். ஒரு ஜோடி இணை, இன்னொரு ஜோடி சமம் என்றால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், இருசமபக்கச் சரிவகம் அங்கே காத்துக்கொண்டிருக்கும். ஒரு ஜோடிப் பக்கம் இணை, ஒரு ஜோடி எதிர்க்கோணம் சமம் என்றால் பயமில்லை, அதற்குச் சர்வசமமே வேண்டாம்: இணைகோடுகளுக்கு இடையே அடுத்தடுத்த கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதை வைத்தே மற்ற ஜோடியும் இணை என்று காட்டிவிடலாம்.

நாம் தொடங்கிய நிபந்தனைக்கே ஒரு தப்பிக்கும் வழி உண்டு. அந்தச் சமமான எதிர்க்கோணங்கள் செங்கோணமாகவோ விரிகோணமாகவோ இருந்தால், அவற்றுக்கு எதிரே இருக்கும் மூலைவிட்டம்தான் முக்கோணத்தின் மிக நீளமான பக்கம், அப்போது மூன்றாவது பக்கத்துக்கு ஒரே ஒரு அளவுதான் சாத்தியம், நாற்கரம் இணைகரம் ஆகியே தீரும். கத்தரிக்கோலால் இதைக் கெடுக்கலாமா என்று முயன்று பாருங்கள்: இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணம் எப்போதும் 90 பாகைக்குக் குறைவுதான், வெட்டுவதற்கு முக்கோணமே கிடைக்காது.