ஆங்கிலக் கவிதை நடத்தப் போகும் பயிற்சி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் ஆங்கில ஆசிரியர்கள் பலர், கவிதைப் பாடத்தைக் கவிஞரின் பிறப்பு இறப்பிலிருந்து தொடங்குகிறார்கள். பிறகு உவமை, உருவகம், மோனை என்று பலகை நிரம்பிவிடும். கவிதையை வாய்விட்டு வாசிப்பதற்குள் மணி அடித்துவிடும். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

முதலில் கவிதையை வாசியுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் மறுபடியும் வாசியுங்கள். மூன்றாம் முறை ஒரு மாணவி வாசிக்கட்டும். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வகுப்புகளில் இன்று ஜூலு பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இசிபோங்கோ என்னும் புகழ்ப்பாட்டு மரபு அவர்களுடையது. நம் வீட்டுப் பிள்ளைகள் கோயிலில் தேவாரம் பாடுகிறார்கள். பொருள் முழுதும் தெரியாவிட்டாலும் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது தெரிந்தே பாடுகிறார்கள். இப்படிப் பழகிய காதுகளை வகுப்பில் சும்மா விட்டுவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேட்டுவிட்டு, வகுப்பு வாய் திறக்கும் முன் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். பதில் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். 14 வரி சானெட் என்றால், பேச்சு எந்த வரியில் திசை மாறுகிறது? இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் வகையில் பெரும்பாலும் 8-ஆம் வரிக்குப் பிறகு; ஷேக்ஸ்பியர் வகையில் பல நேரம் கடைசி இரண்டு வரிகளில். பிள்ளைகளே அந்த இடத்தில் விரல் வைக்கட்டும்.

நோட்ஸ் கொடுத்தால் மதிப்பெண் வரும் என்பார்கள். மெட்ரிக் என்னும் 12-ஆம் வகுப்பு இறுதித் தேர்வில், ஆங்கில ஹோம் லாங்குவேஜ் (முதல் மொழி) இரண்டாம் தாளில் கவிதைக்கு 30 மதிப்பெண். அதில் 10, பிள்ளைகள் அதுவரை பார்த்திராத கவிதைக்கு. அங்கே எந்த நோட்ஸும் கைகொடுக்காது.

பருவத்தையும் கவனியுங்கள். இங்கிலாந்துக் கவிதையில் ஏப்ரல் வசந்தம். நமக்கு அது இலையுதிர் காலம். அங்கே டிசம்பரில் பனி, இங்கே வியர்வை. முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.

எழுத்துப் பாடத்தில் நடக்கும் தவறு வேறு. கட்டுரை முழுக்கச் சிவப்பு மையால் திருத்துகிறார்கள். அதே தேர்வின் மூன்றாம் தாளில் கட்டுரைக்கான 50 மதிப்பெண்ணில் உள்ளடக்கத்துக்கும் திட்டமிடலுக்கும் 30, மொழிக்கும் நடைக்கும் 15, அமைப்புக்கு 5. அந்த 15-க்காக மட்டும் மை செலவாகிறது. எழுத்துப்பிழைகள் இருக்கட்டும், அவற்றைக் கடைசிச் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

"என் பாட்டி ரொம்ப அன்பானவர்" என்று ஒரு பையன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் "விரிவாக எழுது" என்று போட்டால், இன்னும் நாலு பெயரடைகள் சேர்ப்பான். "பாட்டி அப்படி என்ன செய்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். "பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் எனக்குக் கால் ரொட்டி அளவு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய டர்பன் உணவு) வாங்கித் தந்துவிட்டு, வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார்" என்று எழுதுவான். அன்பு என்ற சொல்லே அங்கே தேவைப்படாது.

திட்டமிடு, வரைவு எழுது, திருத்து, பிழை பார், ஒப்படை என்று பாடத்திட்டமே படிகளாகப் பிரித்துத் தருகிறது. நேரமில்லை என்று நடுவிலுள்ள படிகளைத் தாண்டிவிடாதீர்கள். முதல் வரைவுக்கு மதிப்பெண்ணும் போடாதீர்கள். எண்ணைக் கண்டதும் வேலை முடிந்தது என்று பையில் வைத்துவிடுவார்கள். ஓரத்தில் இரண்டே கேள்விகள் எழுதி, எழுதிய சூடு ஆறும் முன் திருப்பிக் கொடுங்கள். அவற்றுக்கு வகுப்பிலேயே உட்கார்ந்து பதில் எழுத அடுத்த பாடவேளையில் பாதியை ஒதுக்குங்கள்.