60 வயதுக்கு அப்புறம் நமக்கென்று ஒரு வேலை

காரைக்குடியைச் சுற்றியுள்ள பெரிய வீடுகள் பலவற்றில் இப்போது ஒரு ஆச்சியும் துணைக்கு ஒரு பெண்ணும் மட்டும்தான் இருக்கிறார்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில், நடுவில் எல்லாம் பூட்டிய அறைகள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நானும் பள்ளத்தூரில் அப்படி ஒரு வீட்டில் இருப்பவள்தான். வயது 71. அவுக காலமானபின் மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு 60 வயதுவரை வேலைக்குக் குறைவே இல்லை. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), வேவு (பெண் வீட்டுச் சீர்), பொங்கல், வருவோர் போவோர் என்று ஓடும். கடைசிப் பிள்ளைக்கும் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்தபின்தான் கை சும்மா இருக்கும். பகல் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் அடுத்து என்ன செய்வதென்றே தெரியாது. கோயிலுக்குப் போங்கள், டிவி பாருங்கள், இத்தனை நாள் உழைத்தீர்களே என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கோயிலும் டிவியும் நாம் வராவிட்டால் தேடாது. குடும்பத்துக்கு வெளியே ஒருவர், இன்ன கிழமை இன்ன நேரம் என்று நம்மை எதிர்பார்க்க வேண்டும். அது இருந்தால் மற்ற நாட்களும் சரியாகிவிடுகின்றன. நான் கண்டது இதுதான். அதை எப்படி அமைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்வதும் வேலைதானே என்று கேட்பீர்கள். பெரிய வேலைதான், சந்தோஷமான வேலையும்கூட. ஆனால் அவர்கள் வளர வளர அது தானாகவே குறைந்துவிடும். அதனால் அதோடு சேர்த்து இன்னொன்றும் வேண்டும்.

உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?

எடுத்தவுடன் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளப் போக வேண்டாம். சமையலறையில் தேதித்தாள் காலண்டர் இருக்குமே, கிழித்த தாள்களை ஒரு கவ்வியில் மாட்டி வையுங்கள். யாராவது போன் செய்தோ நேரில் வந்தோ ஏதாவது கேட்டால் பின்பக்கம் எழுதிவிடுங்கள். மாவுருண்டை பிடிக்க வரவில்லை, உதிர்கிறது, என்ன செய்ய? பிள்ளையார் நோன்புக்கு இழை மாவு எப்படிப் பிசைவது? கொட்டானின் (பனை ஓலைக் கூடையின்) விளிம்பு பிரிந்துவிட்டது, தைத்துத் தருவீர்களா? இந்தக் கல்யாணப் பாட்டின் அடுத்த அடி என்ன? ஒரு மாதம் கழித்து எல்லாத் தாளையும் பரப்பிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்டதை ஓரமாக ஒதுக்குங்கள். மற்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது எதுவோ, உங்கள் வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எனக்கு வந்தவை முக்கால்வாசி பலகாரத்தைப் பற்றிய கேள்விகள். அதனால் புதன்கிழமை பிற்பகல் பலகாரம் சொல்லித்தருகிறேன். புதிதாகக் கல்யாணமான பெண்கள் வருகிறார்கள். கானாடுகாத்தானில் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறார்களே, அங்கே சமைக்கும் பையன்களும் வருகிறார்கள்.

ஆழாக்கை கிராமாக்குவது

சொல்லித்தருவது என்று இறங்கினால் முதல் வேலை தராசுதான். நமக்கெல்லாம் கையும் கண்ணும்தான் அளவு. வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தை வைக்க வேண்டும். கோபுரம் சரிந்து விழுகிற இடம்தான் அளவு. அழகான முறை. அடுப்படியில் நம் பக்கத்தில் நின்று பார்த்த பெண்ணுக்கு இது போதும். பெங்களூரில் பிளாஸ்டிக் கப்பை வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்குப் போதாது.

எண்கள் தெரியும் தராசு ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. நீங்கள் எப்போதும் செய்வதுபோலவே கையால் அள்ளுங்கள், அப்புறம் நிறுத்துக் குறியுங்கள். இன்னொரு நாள் அதையே செய்யுங்கள், மறுபடி இன்னொரு நாள். மூன்றும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருந்தால் அதுதான் உங்கள் கையளவு. என் ஆழாக்கில் அரிசி 150 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது, மேலே வைக்கும் உளுந்து 20 கிராமுக்குப் பக்கத்தில். ஆழாக்கு வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், அதனால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்களுடையதை நிறுத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டில் படிக்கணக்கில் எழுதியிருந்தால், 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. ஆக ஒரு படிக்கு 8 ஆழாக்கு. இதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், சின்னப் பெண்களுக்கு இது தெரியாது.

அளவு மட்டும் எழுதினால் பலகாரம் வராது. எங்கே கெடும் என்பதையும் எழுத வேண்டும். பணியார மாவில் தண்ணீர் கூடினால் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் அதிகம் காய்ந்தால் நிறம் ஏறிவிடும், அப்புறம் அது வெள்ளைப் பணியாரமே இல்லை. ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும், இரண்டாவதை அவசரப்பட்டு ஊற்றக்கூடாது. மாவுருண்டை உதிர்ந்தால் பெரும்பாலும் நெய் சூடு போதவில்லை என்று அர்த்தம். பாசிப்பருப்பு மாவும் சர்க்கரையும் கலந்த கலவையில் நெய்யை நன்றாகச் சூடாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும். சீப்புச் சீடையில் மாவை அளவாக நறுக்கி விரலில் சுற்றி ஒட்டும்போது ஒட்டு சரியாக அமுங்காவிட்டால் எண்ணெயில் வாய் பிளந்துவிடும். நமக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லாத விஷயம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இதுதான் முழுப்பாடமும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பலகாரக் கையில் பாதி, இந்த வீடுகளின் அடுப்படியில் காலமெல்லாம் வேலை பார்த்த அம்மாக்களுடைய கை. அவர்களில் பலருக்கும் இப்போது 60, 70 வயது. உங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மா இருந்தால் அவரையும் சொல்லித்தருகிறவராகவே உங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். வருகிற பணத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள். பிள்ளைகள் அவரையும் மரியாதையோடு கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் வகுப்பில் முறுக்குச் சுற்றுவது எங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மாதான் சொல்லித்தருகிறார். அந்த நேரம் நான் மாணவி.

கிழமையைக் காப்பாற்றுங்கள்

வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் போதும். வெயில் தாழ்ந்த நேரமாக, மூன்றரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, செவ்வாய் வேண்டாம், கோயிலும் விளக்குமாக அந்த நாள் வேறு வழியில் போய்விடும். முகப்பில் நடத்துங்கள். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும், அப்படிப் பார்த்துத்தான் புதிதாக ஆட்கள் வருவார்கள். புதிதாகத் தொடங்குவதற்கு ஐப்பசி நல்ல மாதம். திருக்கார்த்திகை கழித்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு, அதற்கு முன்னால்தான் வெளியூர்ப் பெண்கள் எல்லாம் தேடுவார்கள்.

நாள் குறித்தபின் அதை யாருக்காகவும் மாற்றாதீர்கள். ‘புதன்கிழமை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை போன் எடுக்கமாட்டேன்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஆரம்பத்தில் பதறுவார்கள். அப்புறம் அவர்களே ஐந்தரைக்கு மேல் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன பலகாரம், எத்தனை பேர் என்று கேட்பார்கள். என் மகளோடு பேசுவதற்கு மாத்திரை, தூக்கம், கால்வலி தவிர வேறு பேச்சு கிடைத்தது இப்படித்தான்.

பணம் வாங்குங்கள்

நம்மவர்கள் பலருக்குக் கூச்சம் இங்கேதான். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் காசா என்று கேட்பார்கள். சும்மா சொல்லித்தந்தால் லேசாகத் தூறல் போட்டாலும் வரமாட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் குடையோடு வருவார்கள். சாமான் செலவு தனி, சொல்லித்தரும் கூலி தனி என்று பிரித்து எழுதுங்கள். முடியாத பெண் யாராவது வந்தால் அவளுக்கு விட்டுக்கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழட்டும். போனில் பணம் அனுப்புகிறவர்களிடம் ஒரு ஜாக்கிரதை வேண்டும்: நமக்குப் பணம் வருவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அவன் ஏமாற்றுக்காரன், போனை வைத்துவிடுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது.

பலகாரத்தைச் செய்து விற்கவும் ஆசை இருந்தால், வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், பேரனோ இ-சேவை மையமோ செய்து தரும். பொட்டலத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறது, என்று செய்தது, எத்தனை நாள் இருக்கும் என்று எழுதுங்கள். விற்பது வேறு, சொல்லித்தருவது வேறு. விற்பதில் உடம்பு சீக்கிரம் ஓய்ந்துவிடும். 65 தாண்டியவர்களுக்குச் சொல்லித்தருவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தரையில் உட்கார வேண்டாம், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காருங்கள். கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் சின்னவர்கள்தான் நிற்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே நல்ல விளக்குப் போடுங்கள்.

அடுப்படி வேண்டாம் என்றால்

எல்லாருக்கும் சமையல் பிடிக்க வேண்டும் என்று சட்டமா? 40 வருஷம் சமைத்தது போதும் என்று நினைப்பவர்களை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன்.

கைவேலை தெரிந்தவர்களுக்குக் கொட்டான் இருக்கிறது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் 2019இல் கிடைத்தது. கல்யாண வீடுகளில் தாம்பூலத்தைக் கொட்டானில் போட்டுக் கொடுக்கும் ஆசை திரும்ப வந்திருக்கிறது. பனை ஓலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிநீரில் சாயம் ஏற்றி, பின்னும் முன்பு நனைத்துக்கொள்வது வரை எல்லாமே உட்கார்ந்து செய்கிற வேலை. கண் மங்கியவர்கள் மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு நிற ஓலையைப் பின்னுங்கள், நன்றாகத் தெரியும். விளிம்புக்குத் துணியும் மணியும் வைத்துத் தைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னுவதை இன்னொருவரிடம் விடலாம்.

இன்னொரு வேலை, நம் வீடுகளில் கிடக்கும் காகிதங்கள். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், பெயர் தெரியாத போட்டோக்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் அழைப்பிதழ்களும் நோட்டீசுகளும்தான் சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். அவ்வளவு பெரிதாக வேண்டாம். உங்கள் தெருவில் உள்ள வீடுகளின் போட்டோக்களை எடுத்து, யார் யார் என்று மூத்த ஆச்சிமாரிடம் கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். ரப்பர் பேண்டும் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். தாலாட்டும் கல்யாணப் பாட்டும் தெரிந்தவர் இருந்தால் போனில் பதிவுசெய்யுங்கள். பாட்டுத் தொடங்குவதற்கு முன் பாடுகிறவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 85 வயது ஆச்சியிடம் கேட்க வேண்டியதை இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

இதுவும் இல்லையென்றால் எழுத்து இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சனிக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து, முதியோர் உதவித்தொகைக்கும் வங்கிக்கும் மனு எழுதித்தருகிறார். ஒரு பேனா, ஒரு மூக்குக்கண்ணாடி, அவ்வளவுதான் முதலீடு. அவர் வாசலில் எப்போதும் கூட்டம் இருக்கும்.

துக்கம் நடந்த வீடுகளில் உடனே எதையும் தொடங்கச் சொல்லாதீர்கள். வருஷம் கழியட்டும். எழுந்திருக்கவே மனமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வேலையால் தீருகிற விஷயமில்லை, மருத்துவரிடம் போக வேண்டும். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14567 என்பது முதியோருக்கான இலவச உதவி எண். வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

இரண்டாவது ஆள்

ஆறு மாதம் ஓடியபின் உங்களுக்குப் பதில் நிற்க ஒருவரைத் தயார்செய்யுங்கள். சென்னைக்குப் போய் ஒரு மாதம் இருக்க நேரும், முழங்கால் ஆபரேஷன் வரும். அப்போது வகுப்பு நின்றுவிட்டால் திரும்பவும் ஆட்களைச் சேர்ப்பது சிரமம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் ஓரமாக உட்கார்ந்து, அவரையே நடத்தவிடுங்கள். அவர் உங்கள் முறைப்படியே செய்ய வேண்டும் என்று நிற்காதீர்கள், பலகாரம் வந்தால் சரி. ஊருக்குக் கிளம்பும்போது என்றைக்குத் திரும்புவேன் என்று தேதி சொல்லிவிட்டுப் போங்கள். அளவு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை அவரிடமும் ஒன்றை மகளிடமும் கொடுத்துவிடுங்கள். புதிதாக ஏதாவது நிறுத்துக் குறித்தால் அன்றைக்கே மூன்று நோட்டிலும் ஏற்றிவிடுங்கள்.