பேஸில் ராத்போனுக்கு ஒரு மாலை: சங்க மண்டபத்தில் படம் காட்டிப் பேசுவது எப்படி

ஷெர்லக் ஹோம்ஸ் என்றதும் கூர் மூக்கும் ஒடுங்கிய கன்னமுமாக ஒரு முகம் நினைவுக்கு வருமே, அந்த முகத்துக்குச் சொந்தக்காரரான நடிகர் பேஸில் ராத்போன் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1892 ஜூன் 13 அன்று. தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா, எங்கே கூட்டம் போட்டாலும் ‘நம்ம நாட்டில் பிறந்தவராமே’ என்ற ஒரு வரிக்கே ஆள் வரும். வந்தவர்களைக் கடைசிவரை உட்காரவைப்பதுதான் வேலை.

மொத்தம் 2 மணி 10 நிமிடம் என்று கணக்கு வையுங்கள். பேச்சும் காட்சித் துண்டுகளும் 50 நிமிடம், டீ, சமோசா 20 நிமிடம், பிறகு ஒரு முழுப்படம் 60 நிமிடம். ஐந்து மணி என்று அழைப்பிதழில் போட்டால் ஐந்தரைக்குத்தான் தொடங்கும். மண்டபத்தை எட்டரை வரை எடுத்துவையுங்கள்.

ஹோம்ஸைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ராத்போன் 1939 முதல் 1946 வரை 14 படங்களில் ஹோம்ஸாக நடித்தார். அந்த வேடம் தன்னை விழுங்கிவிட்டது என்று உணர்ந்துதான் 1946-இல் அதை உதறினார். தொடக்கத்திலேயே ஹோம்ஸைத் திரையில் காட்டிவிட்டால் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. அவரை விழுங்கிய பாத்திரம் உங்கள் மாலையையும் விழுங்கிவிடும். அழைப்பிதழில் ஹோம்ஸ் படம் இருக்கட்டும், ஆள் வரவேண்டுமே. மேடையில் அவர் டீக்குப் பிறகு வரட்டும்.

பேச்சைக் கட்டுவது

பிறப்பிலிருந்து இறப்பு வரை ஆண்டுவாரியாக ஒப்பித்தால் இருபதாவது நிமிடத்தில் பின்வரிசை கைப்பேசியை எடுத்துவிடும். மூன்று முடிச்சுகள் போதும்: ஜோகன்னஸ்பர்க்கை விட்டு ஓடிய குடும்பம், வாள், குரல்.

முதல் முடிச்சுக்கு எட்டு நிமிடம். 1892-இல் ஜோகன்னஸ்பர்க் இருந்தது குரூகர் ஆண்ட, போயர்கள் என்ற டச்சு வழிக் குடியேறிகளின் குடியரசில். தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானதே 1910-இல்தான். அதனால் ‘தென்னாப்பிரிக்க நடிகர்’ என்று எழுதாதீர்கள், ‘ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆங்கில நடிகர்’ என்பதே சரி. 1895 டிசம்பர் கடைசியில், போயர் ஆட்சியைக் கவிழ்க்க ஆங்கிலேயர் தரப்பு நடத்திய ஜேம்சன் படையெடுப்பு தோற்றது. தந்தையை ஆங்கிலேயரின் ஒற்றர் என்று போயர்கள் குற்றம்சாட்டியதால் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. இது குடும்பத்தின் பக்கத்திலிருந்து வந்த கதை. ‘ஒற்றராக இருந்தார்’ என்று அடித்துச் சொல்லாமல் ‘குற்றம்சாட்டப்பட்டார்’ என்ற அளவில் நிறுத்துங்கள்.

ரெப்டன் பள்ளி, தந்தையின் மனம் கோணாமல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஓராண்டு வேலை, பிறகு உறவினர் ஃபிராங்க் பென்சனின் ஷேக்ஸ்பியர் நாடகக்குழு. 1911-இல் இப்ஸ்விச் நகரில் முதல் மேடை. இவற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் உலகப்போருக்குக் கொடுங்கள். லிவர்பூல் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் உளவுப் பிரிவு அதிகாரியாக இருந்தவர், பட்டப்பகலில் மரம்போல் வேடமிட்டு எதிரியின் பதுங்குகுழிப் பக்கம் ஊர்ந்துபோய் வேவு பார்த்தார். 1918-இல் மிலிட்டரி கிராஸ் விருது பெற்றார். தம்பி ஜான் அதே ஆண்டு போரில் இறந்தார். தந்தைமீது விழுந்த ஒற்றர் பழியையும் மகன் செய்த வேவு வேலையையும் அடுத்தடுத்துச் சொன்னாலே போதும். இரண்டையும் முடிச்சுப் போட்டு விளக்கவேண்டியதில்லை. அவையே முடிந்துகொள்ளும்.

இரண்டாவது முடிச்சு வாள். இதற்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள், மண்டபம் நிமிர்ந்து உட்காரப்போவது இங்கேதான். நம் பெரியவர்கள் எம்.ஜி.ஆர்–நம்பியார் வாள்சண்டை பார்த்து வளர்ந்தவர்கள். ‘ஹாலிவுட்டின் நம்பியார்’ என்று ஒரு தடவை சொன்னால் பாதி விளக்கம் மிச்சம். ராத்போன் வாள்வீச்சை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர், ஆனால் திரையில் தோற்பதே அவர் பிழைப்பு. ‘கேப்டன் பிளட்’ (1935) படத்தில் கடற்கரையில் எரல் ஃபிளின்னிடம் சாகிறார். ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ (1938) படத்தில் மறுபடியும் ஃபிளின்னிடம். ‘தி மார்க் ஆஃப் ஸோரோ’ (1940) படத்தில் டைரோன் பவரிடம். ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ (1936) படத்தில் டிபால்ட்டாக மெர்குஷியோவைக் குத்திச் சாய்ப்பது ஒன்றுதான் வெற்றி. அதற்கும் ஆயுசு குறைவு, சற்று நேரத்திலேயே ரோமியோவிடம் சாகிறார்.

துண்டுகளைக் காட்டும் வரிசை முக்கியம். மூன்று தோல்விகளை முதலில் காட்டிவிட்டு, 1936-இன் வெற்றியைக் கடைசியில் வையுங்கள். ஆண்டு முன்பின் ஆவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வாயால் சொல்லிவிடலாம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. காட்டுவதற்கு முன் எதைக் கவனிப்பது என்று ஒரே வரி சொல்லுங்கள்: ராபின் ஹூட் சண்டையில் தூணில் விழும் நிழல், ஸோரோவில் அறை எவ்வளவு சின்னது என்பது. ‘கேப்டன் பிளட்’டுக்கு முன், மருத்துவர் ஒருவர் அடிமையாக விற்கப்பட்டுக் கடற்கொள்ளையராகும் கதை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) பார்த்த கிழவர்கள் அங்கேயே சத்தம் போடுவார்கள்.

வாள் முடிந்ததும் விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். டிபால்ட்டுக்கும், ‘இஃப் ஐ வேர் கிங்’ (1938) படத்தின் பதினோராம் லூயி மன்னருக்கும் துணைநடிகர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இரண்டு தடவையும் பரிசைக் கொண்டுபோனவர் வால்டர் பிரென்னன். 1948-இல் ‘தி ஏரஸ்’ நாடகத்துக்கு டோனி விருது. ‘ஆஸ்கர் வென்றவர்’ என்று அறிமுகப்படுத்திவிட்டால் திருத்திச் சொல்ல ஒருவராவது சபையில் எழுந்திருப்பார்.

ஹோம்ஸ் பற்றிய பிழைகள்

14 படங்களும் ஒரே கம்பெனி எடுத்தவை அல்ல. 1939-இல் வந்த இரண்டும் ஃபாக்ஸ். 1942 முதல் 1946 வரையிலான பன்னிரண்டும் யுனிவர்சல். ஃபாக்ஸ் படங்களில் குதிரைவண்டி, எரிவாயு விளக்கு. யுனிவர்சல் படங்களில் ஹோம்ஸ் 1940-களுக்கு வந்து நாஜிகளோடு மோதுகிறார். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ‘இதென்ன, கார் வருகிறது’ என்று படம் நடுவே பேச்சு எழும். அந்தப் பன்னிரண்டில் பதினொன்றை இயக்கியவர் ராய் வில்லியம் நீல். முதல் படமான 1939 ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ஸில் பெயர்ப்பட்டியலின் உச்சியில் இருந்தவர் ராத்போன் அல்ல, ரிச்சர்ட் கிரீன். வாட்சனாக வரும் நைஜல் புரூஸ் பிறந்தது மெக்சிகோவில். ‘எலிமென்டரி, மை டியர் வாட்சன்’ என்ற வாக்கியம் அந்த உருவில், ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் கதைகளில் எங்குமே இல்லை. வினாடிவினா வைத்தால் கவனம்.

எந்தப் படம், எந்தப் பிரதி

முழுப்படத்துக்கு ‘டெரர் பை நைட்’ (1946) எடுங்கள். லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயிலுக்குள்ளேயே நடக்கும் கதை, 60 நிமிடம். டீ குடித்துவிட்டு வந்தவர்கள் தாங்கும் நீளம் அதுதான். பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்ட நான்கு ஹோம்ஸ் படங்களில் இதுவும் ஒன்று. மற்றவை ‘சீக்ரெட் வெப்பன்’, ‘தி வுமன் இன் கிரீன்’, ‘டிரெஸ்ட் டு கில்’. ஆனாலும் புதிதாகச் செப்பனிட்ட பிரதியும் பழைய பிரதியும் உரிமையில் ஒன்றல்ல. வாங்கும்போதே பொதுக்காட்சிக்கு ஆகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் போடுவதாக இருந்தால் திரைப்பட வெளியீட்டு வாரியத்தில் முதலில் விசாரியுங்கள்.

டிவிடி வாங்கினால் ஒரு சிக்கல். நம் நாடு டிவிடி கணக்கில் இரண்டாம் மண்டலம், தொலைக்காட்சியில் ‘பால்’ (PAL) முறை. நொடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேம்) எடுத்த படத்தை 25 சட்டமாக ஓட்டும் வட்டில் 60 நிமிடப் படம் 57 நிமிடம் 36 நொடியில் முடியும், குரலும் ஏறக்குறைய அரை சுரம்வரை மேலே போகும். வேறு நடிகராக இருந்தால் விட்டுவிடலாம். ராத்போனின் சொத்தே அந்தக் கீழ்ஸ்தாயிக் குரல்; அதை மெலிய விட்டுவிட்டுக் குரலைப் பற்றிப் பேச முடியாது. 24 சட்டப் பிரதி, அதாவது புளூ-ரே அல்லது கோப்பு, கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

துணையுரை (சப்டைட்டில்) போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான் குழி. வட்டுக்குத் தயாரித்த துணையுரையை 24 சட்டக் கோப்பில் போட்டால் கடைசிக் காட்சியில் எழுத்து 2 நிமிடம் 24 நொடி முந்திக்கொள்ளும். கொலைகாரன் பெயர் முன்னாலேயே வந்துவிடும்.

தமிழ்த் துணையுரைக் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் எழுத்துரு ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நிற்கும், அல்லது வெறும் கட்டம் வரும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 30 எழுத்து, குறைந்தது 2 நொடி நிற்கவேண்டும். அவர் வேகமாகப் பேசுகிறவர், எல்லாவற்றையும் மொழிபெயர்த்தால் யாராலும் படிக்க முடியாது. பாதியை வெட்டுங்கள்.

பேச்சுநடையிலும் ஒரு முடிவு எடுக்கவேண்டும். வில்லன் என்றால் ‘டா’ போடத்தான் கை போகும். ராத்போனின் வில்லன்கள் மரியாதையாகப் பேசியே விஷம் கக்குகிறவர்கள். ‘நீர், உமக்கு’ என்று எழுதிப் பாருங்கள், குளிர் அடிக்கும். ஹோம்ஸ் வாட்சனிடம் ‘நீங்கள்’ என்றால் ஆபீஸ் வாடை. ‘என்னப்பா வாட்சன்’ சரியாக உட்காருகிறது.

இங்கே தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்கிற பலருக்கு எழுத்து வாசிக்க வராது. அதனால் துணையுரையை மட்டும் நம்பாதீர்கள். முழுப்படத்தை இரண்டு இடங்களில் நிறுத்தி, ஒருவர் கதையை 1 நிமிடம் வாயால் சொல்லட்டும். பேச்சிலும் இரண்டு வாக்கியம் தமிழ் என்றால் ஒன்று ஆங்கிலம் கலந்துகொள்வதில் குற்றமில்லை, பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

திரையும் ஒலியும் மின்சாரமும்

இந்தப் படங்களின் சட்ட அளவு, அகலமும் உயரமுமாக, 1.37-க்கு 1. புரொஜெக்டரில் ‘திரை நிறைய’ என்ற அமைப்பு இருந்தால் படம் 30 விழுக்காடு அகலமாகி, ஒடிசலான ராத்போன் பூசணிக்காய் ஆகிவிடுவார். 4:3 என்று மாற்றி, இரு பக்கமும் கறுப்பாக விடுங்கள். 1.6 மீட்டர் உயரத் திரையில் படம் 2.2 மீட்டர் அகலம் வரும். யாராவது ‘ஓரம் ஏன் காலியாக இருக்கிறது’ என்று கேட்பார்கள், கேட்கட்டும். அறுபது பேர் உட்காரும் மண்டபத்துக்கு 3,000 லூமென் புரொஜெக்டர் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சக் கசிவு சாம்பலாகத் தெரியும், சன்னல் திரை இல்லையென்றால் சூரியன் மறைந்தபின் தொடங்குங்கள்.

பழைய ஒலி ஒற்றைத்தடம். சில பிரதிகளில் இடப்பக்கம் மட்டும்தான் சத்தம் வரும், ‘மோனோ’ என்று மாற்றினால் இரண்டு பக்கமும் வரும். ஓட்டுத்தரை மண்டபத்தில் குரல் குழம்பினால் ஒலியைக் கூட்டாதீர்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறையுங்கள், சொல் தெளியும். ஒலிபெருக்கியை உட்கார்ந்திருப்பவர் காதுக்குச் சற்று மேலே வைக்கவேண்டும், தரையில் அல்ல.

துண்டுகளை எண் போட்டு ஒரே கோப்புறையில் வையுங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டும் யோசனையே வேண்டாம். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தால் மின்சாரத்தோடு சிக்னலும் போகும். புரொஜெக்டர், மடிக்கணினி, ஒலிபெருக்கி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 350 வாட். இரண்டு மணி நேரத்துக்கு 700 வாட்-மணி, ஆகவே 1,000 வாட்-மணி இன்வெர்ட்டர் போதும், டீக் கெட்டிலை அதில் சொருகாத வரை. பழைய மண்டபங்களில் பெரிய மூன்று உருண்டைக்கம்பிச் சாக்கெட்தான் இருக்கும். மடிக்கணினியின் இரண்டு கம்பிப் பிளக்குக்கு அடாப்டர் இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று எப்படியும் காணாமல் போகும்.

மூன்றாவது முடிச்சான குரலைப் படம் முடிந்தபின் வையுங்கள். ராத்போன் 1967 ஜூலை 21 அன்று நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார், வயது 75. பத்தொன்பது ஆண்டு கழித்து, 1986-இல் டிஸ்னி ஓர் எலித் துப்பறிவாளன் கார்ட்டூனை எடுத்தது; நாயகனுக்கு ‘பேஸில்’ என்ற அவர் பெயர் அதன் மூல நூலிலேயே வைக்கப்பட்டிருந்தது. அதில் ஹோம்ஸ் பேசும் இடத்துக்கு அவருடைய பழைய ஒலிப்பதிவையே எடுத்துப் போட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்து அந்தச் சில நொடிக் குரலை மட்டும் ஒலிக்கவிடுங்கள், படம் வேண்டாம். பிறகு விளக்கைப் போடலாம். புரொஜெக்டரை உடனே பிடுங்காதீர்கள். பல்பு ஆற விசிறி இரண்டு நிமிடம் ஓடவேண்டும், அதற்குள் நாற்காலிகளை மடக்கிவிடலாம்.