கொச்சினீட்டா பிபில்: வாழையிலைக்குள் வேகும் யுகாத்தான் பன்றிக்கறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கறிக்குள் மிளகாய்த்தூள் கிடையாது. கை துறுதுறுக்கும், போடாதீர்கள். காரம் தனியாக ஊறுகாய் வெங்காயத்தில் வரும்.

மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் ஞாயிறு காலைச் சாப்பாடு இது. குழி வெட்டி, விறகெரித்துக் கல்லைக் காயவைத்து, அதற்குள் கறியைப் புதைத்து வேகவைப்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயர்களின் முறை. முன்பு மானும் வான்கோழியும் அந்தக் குழிக்குள் போயின. பன்றி, புளிப்பு ஆரஞ்சு, பூண்டு, சீரகம் எல்லாம் ஸ்பானியர்களோடு வந்து சேர்ந்தவை. நமக்குக் குழி வேண்டாம், ஓவன் போதும்.

1. செவ்விழுது

சிக்கலே இங்கேதான். அச்சியோட்டே விதை (நம் ஊரில் உணவு நிறத்துக்கு விளைவிக்கும் அதே அனாட்டோ) கல் மாதிரி இருக்கும். அப்படியே மிக்ஸியில் போட்டால் நிறம் மட்டும் ஜாரில் ஒட்டும், விதை உடையாது. 3 மேசைக்கரண்டி விதையைத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடித்து, சின்ன ஜாரில் 6 பல் பூண்டு, 1 தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், 3 கிராம்பு, 6 ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி இருக்கும் உலர்ந்த காய்), 1 தேக்கரண்டி ஓரிகானோ, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து, சாறு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரையுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நெறநெறக்கிறதா? இன்னும் அரைக்கணும். அப்படியும் போகாவிட்டால் வடிகட்டியில் அழுத்தி எடுங்கள்.

சாறு என்றால் புளிப்பு ஆரஞ்சுச் சாறு, அரை கப். கிடைக்காத இடத்தில் இரண்டு பங்கு ஆரஞ்சுக்கு ஒரு பங்கு எலுமிச்சை. வினிகர் எனக்குப் பிடிக்காது, மணத்தைக் கெடுத்துவிடும்.

எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் மட்டும். புளிப்பு அலுமினியத்துக்கு ஆகாது. பிளாஸ்டிக் டப்பா நிரந்தரமாக ஆரஞ்சு நிறமாகிவிடும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

2. ஊறல்

தோள்பகுதிக் கறி 1 கிலோ, கொழுப்போடு, உள்ளங்கை அளவுத் துண்டுகள். விழுதைப் பூசி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். மெலிந்த கறி வாங்கினால் நார் நாராகக் காய்ந்துபோகும்.

3. கட்டி வேகவைப்பது

வாழையிலையை வாட்டி, பாத்திரத்தில் விரித்து, கறியையும் விழுதையும் வைத்து மடித்து மூடுங்கள். அதற்கு மேல் இறுக்கமான மூடி. ஓவனில் 160 டிகிரி, மூன்று முதல் மூன்றரை மணி நேரம். முள்கரண்டி பட்டதும் பிரிந்தால் சரி. கறியை உதிர்த்து, அடியில் தேங்கிய செந்நிறச் சாற்றிலேயே புரட்டுங்கள்.

4. வெங்காயம்

கறி வேகும்போதே செய்துவிடலாம். சிவப்பு வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, கொதிநீர் ஊற்றி உடனே வடித்து, அதே புளிப்புச் சாறு, உப்பு, ஓரிகானோ, நறுக்கிய ஹபனேரோ (கடுங்காரமான மெக்சிகோ மிளகாய்) சேர்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். வெளிறிய ஊதா பளிச்சென்ற ரோஸாக மாறும். ஹபனேரோ இல்லையென்றால் பச்சை மிளகாய். காரம் வரும், அந்தப் பழ மணம் வராது.

மக்காச்சோளத் தோர்த்தியாவில் (மெக்சிகோவின் மெல்லிய ரொட்டி) கறி, மேலே வெங்காயம். அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: ஓவன் இல்லாதவர்கள் நிறையப் பேர் கேட்டீர்கள். குக்கரில் 2 கப் தண்ணீர் விட்டு, தாங்கியின் மேல் இலைப் பொட்டலத்தைக் கிண்ணத்தோடு வைத்து, முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 45 நிமிடம். கிண்ணத்துச் சாறு நீர்த்திருக்கும், வாணலியில் சுண்டவைத்துக் கறியில் ஊற்றுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் கோழியில் செய்யலாம். யுகாத்தானிலேயே அது தனி வகை. ஓவனில் ஒன்றேகால் மணி நேரம் போதும், தொடைக்கறியாகப் பார்த்து வாங்குங்கள்.